"நிலம் என்ன நிறம்?" என்று கேட்ட பெயின்ற் கடை

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நல்லதும் சொல்ல இருக்கிறது, குறையும் சொல்ல இருக்கிறது, அதற்குப் பிறகும் அந்த வீதியால்தான் நான் சந்தைக்குப் போய்வர வேண்டும். யாழ்ப்பாண நகரத்துக்குள், கலர் கலக்கும் மெஷின் வைத்திருக்கும் ஒரு கடை. அவ்வளவு போதும்.

எங்கள் வீடு அரியாலையில். அப்பா 1964 இல் கட்டியது. ஓட்டுக் கூரை, பெரிய விறாந்தை, உள்ளே எங்கும் மினுக்கிய சிவப்புச் சீமெந்து நிலம். கனடாவிலிருக்கும் தம்பி இந்த முறை குடும்பத்தோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான் என்று மே மாதம் போன் எடுத்தான். இருபத்தைந்து நாளும் நிற்கப்போகிறார்களாம். போனை வைத்துவிட்டு ஹோல் சுவரைப் பார்த்தேன். கதிரை முதுகு உரசிய கோடு, யன்னலுக்குக் கீழே மழை ஊறிய மஞ்சள் படம், சாமியறை வாசலில் எண்ணெய்க் கை அடையாளம். சரி, இதோடு அவர்களைக் கூப்பிட முடியாது என்று முடிவெடுத்தேன்.

முதலில் போன கடையில் நிறம் எழுதிய புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டுவிட்டு, "பாருங்கோ அம்மா" என்று சொன்னவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது கடையில் எதிர்ப்பக்கம்: நான் வாய் திறக்க முதலே, "இப்ப எல்லாரும் இதைத்தான் அடிக்கினம்" என்று ஒரு சாம்பல் நிறத்தைக் காட்டினார்கள். மூன்றாவதுதான் நான் எழுதுகிற கடை. அங்கே மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு இருபத்திநாலு வயதிருக்கும். நான் ஒரு இளம்பச்சைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பச்சை எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

"எங்க அடிக்கப்போறியள் அன்ரி?"

"ஹோலுக்கு."

"நிலம் என்ன நிறம்?"

"சிவப்புச் சீமெந்து, பிள்ளை. அப்பா காலத்து நிலம்."

"அப்ப இது வேண்டாம் அன்ரி. சிவப்புக்குப் பக்கத்தில இந்தப் பச்சை கத்தும்."

கத்தும் என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. அவள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு உடைந்த சிவப்பு ஓட்டுத் துண்டை எடுத்து, என் பச்சைத் துண்டை அதன்மேல் வைத்தாள். உண்மைதான். பச்சை இன்னும் பச்சையாகவும், ஓடு இன்னும் சிவப்பாகவும், இரண்டும் சண்டைக்கு நின்றன. எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று ஏற்றிவிடும். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பித்தவளுக்கு, நிறமாலை தெரியும், கதிர்ப்பு தெரியும், தன் வீட்டு நிலம் சிவப்பு என்பது மட்டும் கடைக்குள் போனதும் மறந்துபோனது.

இந்த ஒரு கேள்விக்காகவே அந்தக் கடையைச் சிபாரிசு செய்வேன். நாங்கள் சுவருக்கு நிறம் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். வீட்டிலே மாற்றவே முடியாத நிறங்கள் ஏற்கெனவே இருக்கின்றன: நிலம், கதவு மரம், ஓடு, முற்றத்து மரம். அவற்றோடு ஒத்துப்போகிற ஒன்றைத்தான் தேட வேண்டும். உங்கள் வீட்டில் வெள்ளை ரைல்ஸ் என்றால் உங்கள் பாடு வேறு. நீலமோ பச்சையோ எதுவும் பெரிதாகச் சண்டை பிடிக்காது. பழைய சிவப்பு நிலம், தேக்கங்கதவு உள்ளவர்கள் போகும்போது போனில் நிலத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், போன் நிறத்தை மாற்றிக் காட்டும். உடைந்த ஓட்டுத் துண்டோ பெயர்ந்த சீமெந்துத் துண்டோ ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நான் இரண்டாம் முறை அப்படித்தான் போனேன்.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதைப் பார்த்துக்கொண்டே அரை மணித்தியாலம் நின்றிருக்கிறேன். ரின்னுக்குள் முதலில் இருப்பது பேஸ் என்கிற வெறும் பெயின்ற். வெளிர் நிறங்களுக்கு வெள்ளை பேஸ், அதிலே ரைட்டேனியம் டயொக்சைட்டு நிறைய இருக்கும். கடும் நிறங்களுக்கு வேறு பேஸ், அதில் வெள்ளை குறைவு, இல்லாவிட்டால் எவ்வளவு சிவப்பு ஊற்றினாலும் ரோஸ்தான் வரும். கொம்பியூட்டரில் நிற இலக்கத்தை அடித்ததும் மேலே வட்டமாக நிற்கும் குழாய்களிலிருந்து நிறச்சாறு சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. என் நிறத்துக்கு மஞ்சள் கொஞ்சம், காவி கொஞ்சம், கறுப்பு ஊசிமுனை அளவு. வெள்ளைப் பரப்பில் அந்தக் கறுப்புப் புள்ளி விழுந்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. பிறகு மூடியை இறுக்கி, குலுக்கும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி இரண்டு மூன்று நிமிடம் குலுக்கினார்கள். கடையே அதிர்ந்தது. திறந்தபோது ஒடியல் மா நிறம், காயவைத்த பனங்கிழங்கை இடித்த மாவின் நிறம்.

நிறப் புத்தகத்தில் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் போட்டிருந்தது. எனக்கு அது ஒடியல் மாதான். வெள்ளை என்று சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது, இடித்து அரித்த புது மா எப்படியிருக்கும், அப்படி.

பிள்ளை விரலால் ஒரு பொட்டை மூடியின்மேல் வைத்து, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் ஊதிக் காயவைத்துக் காட்டினாள். காய்ந்த பொட்டு ஈரமாக இருந்ததைவிடக் கொஞ்சம் கடுமை. எமல்ஷன் ஈரத்தில் பால்போல வெளிறித் தெரியும், தண்ணீர் ஆவியாகி ஒட்டுப்பொருள் தெளிந்த பிறகே உண்மை நிறம் வரும். சுவரில் முதல் கோட் அடித்தவுடன் "ஐயோ, இது நான் கேட்ட நிறமில்லை" என்று பதறுகிறவர்கள் ஒரு பகல் பொறுக்கலாம்.

பொட்டு வைத்துப் பார்ப்பதோடு அவள் விடவில்லை, என்னையும் விடவில்லை. "ஒரு லீற்றர் ரின் எடுத்துக்கொண்டுபோய் மட்டையில அடிச்சுப் பாருங்கோ அன்ரி, சுவரில அடிக்காதையுங்கோ" என்றாள். ஒரு லீற்றர்தான் அங்கே கலக்கித் தரும் மிகச் சின்ன அளவு. இன்னும் சின்னதாக, ஒரு பால்ரின் அளவில் தந்தால் எவ்வளவு நல்லது என்று முதலாளியிடம் கேட்டேன். "கட்டாது ரீச்சர்" என்றார். இரண்டு நிறம் பார்க்க இரண்டு லீற்றர் வாங்க வேண்டியிருந்தது. இது என் முதல் குறை. ஆனாலும் வாங்கினேன், வாங்கியது நல்லது.

குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, ஒன்றில் ஒடியல் மா, மற்றதில் தம்பி விரும்பிய சாம்பல். இரண்டிலும் இரண்டு கோட். தம்பியின் கதை இதுதான்: வட்ஸ்அப்பில் ஸ்காபறோவில் தங்கள் வீட்டுச் சுவரைப் படம் எடுத்து அனுப்பினான். "அக்கா, கிறே அடியுங்கோ. இஞ்ச எல்லாரும் கிறேதான். நீற்றா இருக்கும்." அவன் வீட்டில் அது அழகாகத்தான் இருந்தது. வெளியே பனி, உள்ளே வெளிறிய மரப்பலகை நிலம்.

எங்கள் ஹோலில் அந்தச் சாம்பல் மட்டை மூன்று நாளில் மூன்று வேடம் போட்டது. காலையில் விறாந்தைப் பக்கச் சுவரில் சாய்த்து வைத்தேன், பரவாயில்லை. பதினொரு மணிக்கு வெயில் முற்றத்து வெள்ளை மணலில் அடித்து உள்ளே தெறித்தபோது, நிலத்தின் சிவப்பு மட்டையின் அடிப்பக்கத்தில் ஏறி, கீழ்ப்பாதி ஊதாவாகிவிட்டது. மேல்பாதி சாம்பல், கீழ்ப்பாதி கத்தரிப்பூ. பின்பக்க அறையில் மாமர நிழல் விழுகிற யன்னலோரம் வைத்தால் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை. இரவில் வெள்ளை எல்ஈடி பல்பைப் போட்டால் ஆஸ்பத்திரி. ஒடியல் மா மட்டை இதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மத்தியானத்தில் கொஞ்சம் பீச் பழ நிறம் ஏறியது, இரவில் வெள்ளை வெளிச்சத்தில் கொஞ்சம் சோர்ந்தது, மஞ்சள் பல்பு போட்டதும் எழும்பியது. நிறத்தை மாற்ற முதல் பல்பை மாற்றிப் பாருங்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், பின்னறைக்கு நான் பெயின்றே வாங்கியிருக்க மாட்டேன். இரண்டு மஞ்சள் எல்ஈடி பல்பு போட்ட பிறகு அந்த அறையின் பழைய நிறமே போதும்போல இருந்தது. இருந்தாலும் வாங்கின பெயின்றை என்ன செய்வது, அடித்தேன்.

மட்டைகளைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். ஊதாவைப் பார்த்துவிட்டு, "சரி அக்கா, உங்கட விருப்பம்" என்று ஒரு வரி வந்தது. அவன் அப்படிச் சொன்னால் தோல்வியை ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம்.

இனிச் சுவர். கடைக்காரரைப் பற்றி என் பெரிய முறைப்பாடு இங்கேதான் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெயின்ரர் தம்பி வந்து ஹோல் சுவரைச் சுரண்டத் தொடங்கிய அன்று, ஆணி பிடுங்கிய ஒரு ஓட்டையின் விளிம்பு பெயர்ந்து விழுந்தது. அந்த விளிம்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு சதம் தடிப்பில் எங்கள் வீட்டுச் சரித்திரம். அடியிலே அப்பா அடித்த சுண்ணாம்பு. அதன்மேல் ஒரு வெளிர் நீலம். 1988 இல் என் கலியாணத்துக்குச் சுண்ணாம்புக்குள் சலவை நீலம் கரைத்து அடித்தது. அதன்மேல் மறுபடியும் வெறும் சுண்ணாம்பு, மெல்லிசாக, மண் கலந்த மாதிரி. 1995 ஒக்டோபரில் போரால் எல்லோரையும்போல இடம்பெயர்ந்து போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அடித்தது அது. சீமெந்து கிடைப்பதே பெரிய விஷயமாயிருந்த காலம், பெயின்ற் யாருக்கு வேண்டும். மேலே 2002 இல், போரால் மூடிக்கிடந்த ஏ9 கண்டி வீதி திறந்த பிறகு அடித்த ரோஸ் எமல்ஷன். அந்த ரோஸ்தான் இப்போது சப்பாத்துத் தோல்போல உரிந்து வந்தது.

ஏன் உரிகிறது என்று சுரண்டும்போதே தெரிந்தது. எமல்ஷன் ஒட்டியிருந்தது சுவரில் இல்லை, சுண்ணாம்புத் தூளில். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டும் சுவரின்மேல் எந்த விலையான பெயின்றும் நிற்காது. மாஸ்கிங் ரேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். ரேப்பின் பின்னால் தூளோ செதிலோ வந்தால் அந்த இடம் முழுக்கச் சுரண்டி, துடைத்து, பிறைமர் அடித்த பிறகே மற்றக் கதை. இரண்டரை நாள் சுரண்டல். பெயின்ற் அடிக்க எடுத்தது அதைவிடக் குறைவு. யன்னல் கம்பிகளில் பழைய எனாமல் இருந்தது; பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தண்ணீர் தொட்டுத்தான் சாண்ட் பேப்பர் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தூள் பறந்தால் பேரப்பிள்ளைகள் மூச்சில் போகும். அவர் சிரித்தார், ஆனால் கேட்டார்.

குசினிப் பக்கச் சுவர் வேறு மாதிரி. அங்கே அடியிலிருந்து இரண்டரை அடி உயரம்வரை உப்புப் பூத்திருந்தது. எங்கள் பக்கம் கடல்நீரேரி பக்கத்தில், கிணற்றுத் தண்ணீர் சவர். நிலத்திலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறும், ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும், சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியாகி உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். பஞ்சுபோல வெள்ளையாகப் பூப்பது அதுதான். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. இதைக் கடை முதலாளியிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை அன்றைக்கு லீவு. முதலாளி யோசிக்கவே இல்லை. "இந்த சீலரை அடியுங்கோ ரீச்சர், அதுக்கு மேல எதை அடிச்சாலும் நிக்கும்" என்று ஒரு ரின்னை எடுத்து வைத்தார்.

நானும் வாங்கினேன். ஈரம் உள்ளே இருக்கும்போது வெளியே கதவைப் பூட்டினால் அது கதவைத் தள்ளும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வாங்கினேன், ஏனென்றால் திருவிழாக் கொடியேற ஐந்து கிழமைதான் இருந்தது, சுவர் அழகாக வேண்டியிருந்தது. மூன்றாம் கிழமையில் குசினிச் சுவரில் கொப்புளங்கள் வந்தன. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினேன். உள்ளேயிருந்து ஈர மணலும் உப்பும் மடியில் கொட்டின.

அடிக்க முதல் செய்திருக்க வேண்டிய சோதனையை, அடித்து முடித்த பிறகு செய்தேன். ஒன்றரை அடிப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் ரேப்பால் இறுக்க ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. எங்களுடையது வியர்க்கவில்லை, ஒழுகியது. அப்படியான சுவருக்கு மேசனைத்தான் கூப்பிட வேண்டும்: உப்பேறிய பூச்சை உடைத்து எடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, குளியலறைக் குழாய் ஒழுகுகிறதென்றால் அதைத் திருத்தி, நல்ல தண்ணீரில் புதிதாகப் பூசி, காய விட வேண்டும். புதுப் பூச்சுக்கு நாலு கிழமையாவது கொடுக்க வேண்டும். சீமெந்துப் பூச்சு புதிதில் கடும் காரம், அது பெயின்றின் நிறத்தைத் தின்னும். முதலாளி இதில் ஒரு சொல்லையாவது சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருடம் பெயின்ற் விற்கிற மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்.

அளவு விஷயத்திலும் அவரை நம்ப வேண்டாம். ஹோலின் நாலு சுவரும் சேர்த்து 56 அடி நீளம், 10 அடி உயரம். 560 சதுர அடி. இரண்டு கதவுக்கு 42, மூன்று யன்னலுக்கு 48 கழித்தால் 470. இரண்டு கோட்டுக்கு 940. பழைய கரடுமுரடான சுவரில் லீற்றருக்கு நூறு சதுர அடி போகும் என்று வைத்தால் ஒன்பதரை லீற்றர். முதலாளி 20 லீற்றர் வாளியைக் காட்டினார், "மிச்சம் கிடந்தால் பிறகு உதவும்" என்றார். கலக்கின பெயின்றைத் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைதான் கணக்கைப் பார்த்துவிட்டு 10 லீற்றர் வாளி போதும் என்றாள். அந்த பேஸில் 10 லீற்றர் வாளி அன்று இருக்கவில்லை. அதனால் இரண்டு 4 லீற்றர் ரின் கலக்கித் தந்து, "இரண்டையும் ஒரு பெரிய வாளிக்குள்ள ஊத்திக் கலந்துபோட்டு அடிக்கச் சொல்லுங்கோ" என்று பெயின்ரருக்குச் சொல்லச் சொன்னாள். ஒரே இலக்கமென்றாலும் ரின்னுக்கு ரின் ஒரு சொட்டு வித்தியாசம் வரலாம், ஒன்றாகக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. இதுவும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எட்டு லீற்றர், ஒன்பதரைக்குக் காணாது என்று கணக்கே சொல்கிறது. எப்படியும் இழுத்துவிடலாம் என்று பார்த்தேன். இழுக்க முடியவில்லை. கடைசிச் சுவரின் இரண்டாம் கோட்டில் பாதியில் முடிந்துவிட்டது. மகளின் ஸ்கூட்டியில் ஓடிப்போய் இன்னொரு 4 லீற்றர் கலக்குவித்தேன். பிள்ளை சாப்பிடப் போயிருந்தாள், ஒரு பெடியன் கலக்கித் தந்தான். அதே இலக்கம், அதே பெயர். அடித்துக் காய்ந்த பிறகு சுவரின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் ஒடியல் மா, வலப்பக்கம் பழுத்த பப்பாசி என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த வழியில் புறப்பட்டுவிட்டது.

அடுத்த நாள் ரின் மூடியோடு போனேன். மூடியில் ஒட்டியிருந்த சிட்டையைப் பிள்ளை பார்த்தாள், முந்தைய ரின்னின் சிட்டையையும் கேட்டாள். நல்லவேளை எறிந்திருக்கவில்லை. பெடியன் வேறு பேஸை எடுத்து அதற்கு இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறான். அவள் ஒன்றும் சாட்டுச் சொல்லாமல், "எங்கட பிழைதான் அன்ரி" என்று சொல்லிப் புது ரின் கலக்கித் தந்தாள், காசு எடுக்கவில்லை. முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். பெயின்ரருக்கு நான் கூடுதலாகக் கொடுத்த ஒரு நாள் கூலியைப் பற்றிக் கேட்டேன். அது தங்கள் பொறுப்பில்லை என்றார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் பிழையை உடனே ஒப்புக்கொண்ட கடை இந்த ஊரில் எத்தனை என்று எண்ணினால் விரல் மிச்சம் வரும் என்பதால், கோபத்தை அளவாக வைத்திருக்கிறேன்.

மற்றச் சாமான்கள் பற்றி: ரோலரில் மிச்சம் பிடிக்காதீர்கள். அங்கே இருந்த மலிந்த ரோலர் முதல் சுவரிலேயே மயிர் கொட்டத் தொடங்கியது, பெயின்றோடு காய்ந்த அந்த மயிரை நகத்தால் கிள்ளி எடுத்தது நான். அடுத்ததாக வாங்கிய விலை கூடினது நல்லது. மாஸ்கிங் ரேப் தரமானது. அதைப் பெயின்ற் நன்றாகக் காய முதல், தொட்டால் ஒட்டாத பதத்தில், சாய்த்து மெதுவாக இழுக்க வேண்டும். மகள் அடுத்த நாள் காலையில் இழுத்ததில் யன்னல் சட்டத்தோரம் பெயின்றும் சேர்ந்து கிழிந்து வந்தது. மினுக்கம் உள்ள பெயின்றா மங்கலா என்று கேட்டால், பழைய வீட்டுக்கு மங்கல். எங்கள் சுவர்கள் கையால் பூசியவை, மேடு பள்ளம் உண்டு. மினுக்கம் அடித்தால் மாலை வெயிலில் ஒவ்வொரு பள்ளமும் கணக்குக் கொடுக்கும். விலையை எழுதவில்லை, எழுதினால் அடுத்த மாதம் நான் பொய்க்காரி. 2022 நெருக்கடிக்குப் பிறகு எந்தச் சாமானின் விலையையும் மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன்.

வெளிச்சுவரையும் இதோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பெயின்ரர் தம்பி மறுத்துவிட்டார். "சோளகம் வீசுது ரீச்சர். இப்ப அடிச்சால் றோட்டுப் புழுதி முழுக்க உங்கட சுவரிலதான்." சரியான பேச்சு. ஜூன், ஜூலையில் அந்தக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும். ஈரப் பெயின்றில் பட்டால் சுவர் சாண்ட் பேப்பர்தான். விறாந்தைக்கு மட்டும், காற்று எழும்ப முதல், விடியற்காலையில் அடித்தார். வெயில் நேராக அடிக்கும் சுவரில் ரோலர் போட்டால் ஓரம் காய்ந்து, அடுத்த இழுவை அதன்மேல் ஏறிப் பட்டை பட்டையாகத் தெரியும் என்பதால், நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே சுற்றி வந்தார்.

இதோடு சேர்த்து நானும் மகளும் செய்த சின்ன வேலைகள் இரண்டுதான் உருப்பட்டன. ஒன்று, சாமியறைக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் மூன்று சுளகு. பனையோலைச் சுளகு, சந்தையில் புதிதாக வாங்கியது. முழுதும் பெயின்ற் அடித்தால் ஓலையின் பின்னல் அடைபட்டுவிடும் என்று மகள் சொன்னதால், விளிம்பில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு யன்னல் கம்பிக்கு வாங்கிய பச்சை எனாமல். நான் கேட்ட பச்சை கடைசியில் இரண்டு விரல் அகலத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டது. சிவப்பு நிலத்துக்குத் தூரத்தில், தலை உயரத்தில் இருப்பதால் கத்தவும் இல்லை. மற்றது அப்பாவின் மரப்பெட்டி. அதற்குப் பெயின்ற் அடிக்க மகள் கிட்டப் போனாள், நான் விடவில்லை. சாண்ட் பேப்பர் போட்டு, எண்ணெய் தேய்த்தோம். சீலிங்கில் கோலம் அச்சுக் குத்தப் போய் ஏணியிலிருந்து இறங்கி விட்ட கதையைச் சொல்லப்போவதில்லை.

தம்பி குடும்பம் கொடியேற்றத்துக்கு முதல் நாள் இரவு வந்தது. நான் அவன் சுவரைப் பார்ப்பான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஹோலுக்குள் வந்தவன் குனிந்து பார்த்தான்.

"நிலத்துக்கு என்ன போட்டனியள் அக்கா? இப்பிடி மினுங்குது?"

ஒன்றும் போடவில்லை. கழுவித் துடைத்தது மட்டும்தான். பின்னால் நின்ற மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

மதிப்பெண் கேட்டால், கடைக்கு ஐந்துக்கு மூன்றரை, மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஐந்துக்கு ஐந்து. போகிறவர்கள் அவள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பகல் ஒரு மணிக்கும் இரண்டுக்கும் இடையில் போகாதீர்கள். சனிக்கிழமை கூட்டம், அன்றைக்கு யாருக்கும் யாரோடும் கதைக்க நேரமிருக்காது. பேஸ் இலக்கமும் நிற இலக்கமும் அச்சடித்த சிட்டையை ஒவ்வொரு ரின்னிலிருந்தும் உரித்து எடுத்து வையுங்கள். என்னுடையவை அலுமாரியில், வீட்டு உறுதிப் பத்திரத்தோடு ஒரே உறைக்குள் கிடக்கின்றன.

குசினிச் சுவரை இப்போது ஒரு பழைய கலண்டர் மறைத்துக்கொண்டிருக்கிறது. மேசன் மாரி மழை முடிந்து தை பிறக்கட்டும் என்கிறார். அதுவரைக்கும் பொலித்தீன் துண்டை நான் கழற்றவில்லை, காலையில் தேத்தண்ணி வைக்கும்போது அதன் உட்பக்கத்தைப் பார்த்துக்கொள்வேன். இன்றைக்கும் வியர்த்திருந்தது.